கேள்வி கேட்கும் வயது

நான்கு வயதை ஒட்டிய முப்பது சிறுமிகளின் உடுப்பில் சிறிய மைக்கைப் பொருத்தி, காலையில் பாலர் பள்ளியிலும் பிற்பகலில் வீட்டிலும் அவர்கள் பேசியதையெல்லாம் பார்பரா டிசார்ட், மார்ட்டின் ஹியூஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். 1984-இல் அது நூலாக வந்தது. வீட்டில் அம்மாவிடம் அந்தச் சிறுமிகள் மணிக்குச் சராசரியாக 26 கேள்விகள் கேட்டிருந்தார்கள். பள்ளியில் ஆசிரியரிடம் கேட்டவை மணிக்கு 2. அதே குழந்தை, அதே நாள், அதே மூளை.

இந்த இரண்டு எண்களுக்கு இடையில் என்ன நடக்கிறது என்பதுதான் சிறு பிள்ளைகளின் பகுத்தாயும் சிந்தனையைப் பற்றிய முதன்மையான கேள்வி என்று நினைக்கிறேன். ‘குழந்தைக்குச் சிந்திக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி’ என்று கேட்டுக்கொண்டு பயிற்சி வகுப்புகளையும் புதிர்ப் புத்தகங்களையும் தேடிப் போகிறோம். அரை நூற்றாண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. மூன்று வயதிலேயே பிள்ளை காரணம் தேடுகிறது, ஒப்பிடுகிறது, சந்தேகப்படுகிறது. பெரியவர்கள் கேட்கும் கேள்வியும் சொல்லும் பதிலும் அதை வளர்க்கின்றன, அல்லது வாடவிடுகின்றன. பிள்ளையை விட்டுவிட்டுப் பெரியவர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

டிசார்டும் ஹியூஸும் பதிவுசெய்த உரையாடல்களில் ஒன்று புகழ்பெற்றது. சன்னல் துடைக்க வந்தவருக்குப் பணம் தர வேண்டும் என்று ஒரு தாய் சொல்கிறார். நான்கு வயதுகூட நிரம்பாத மகளுக்கு அது விளங்கவில்லை. யார் யாருக்குப் பணம் தருகிறார்கள், எதற்காகத் தருகிறார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். வேலை செய்தால் கூலி உண்டு என்பது நமக்கு எவ்வளவு சாதாரணம்! அதை எட்டிப்பிடிக்க அந்தச் சின்னத் தலை எத்தனை பக்கமிருந்து முட்டிப் பார்க்கிறது என்பது பதிவில் தெரிகிறது. தன் புரிதலில் ஓர் ஓட்டை இருப்பதை அவளே கண்டுபிடிக்கிறாள். அதை அடைக்கும்வரை விடுவதில்லை. பகுத்தாய்தல் என்று நாம் பெரிய சொல்லால் குறிப்பதன் வித்து இதுதான். வசதியான வீடுகளில் மட்டும் இது நடக்கவில்லை. உழைக்கும் வர்க்கக் குடும்பங்களிலும், சமையலுக்கும் துணி மடிப்பதற்கும் நடுவே, இதே மாதிரியான செறிவான பேச்சு பதிவாகியிருந்தது. ஆனால் பள்ளிக்குள் நுழைந்ததும் அதிகம் அடங்கிப் போனவர்கள் அந்த வீட்டுப் பிள்ளைகளே. ‘படிக்காத பெற்றோர்கள், வீட்டில் ஒன்றும் சொல்லிக்கொடுப்பதில்லை’ என்று நம் ஊர் ஆசிரியர் அறைகளில் எளிதாகப் பேசிவிடுகிறோம். அந்தப் பேச்சை நிறுத்திவைக்க இந்த ஒரு முடிவு போதும்.

பள்ளியில் பிள்ளை ஏன் அடங்குகிறது என்பதற்கான துப்பு, பழைய பரிசோதனை ஒன்றில் கிடைக்கிறது. சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே செய்தது அது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஐந்து வயதுப் பிள்ளையின் முன்னால் ஆறு ஆறு புளியங்கொட்டைகளாக இரண்டு வரிசை, நேருக்கு நேர் வையுங்கள். “ரெண்டுலயும் சமமா இருக்கா?” என்றால், “ஆமா” என்று வரும். பிறகு பிள்ளையின் கண்ணெதிரிலேயே ஒரு வரிசையை மட்டும் இடைவெளி விட்டு நீட்டிவிட்டு, “இப்ப சமமா, எதுலயாவது ஜாஸ்தியா?” என்று கேளுங்கள். பெரும்பாலான ஐந்து வயதுப் பிள்ளைகள் நீளமான வரிசையைக் காட்டி “இதுல ஜாஸ்தி” என்பார்கள். எண்ணிக்கை மாறாது என்ற தர்க்கம் ஏழு வயதுக்கு முன் எளிதில் வருவதில்லை என்று பியாஜே இதிலிருந்து முடிவுகட்டினார். உலகம் முழுக்கக் கல்வியியல் பாடநூல்களில் இது ஏறியது. நம் ஆசிரியர் பயிற்சிப் பாடத்திலும் இருக்கிறது.

எடின்பரோவில் ஜேம்ஸ் மெக்காரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் 1970-களின் நடுவில் இதில் ஒரு சிறு மாற்றம் செய்தார்கள். வரிசையைப் பெரியவர் கலைக்கவில்லை. பெட்டிக்குள்ளிருந்து சேட்டைக்காரக் கரடிபொம்மை ஒன்று வெளியே வந்து, ‘விளையாட்டைக் கெடுப்பது’போல ஒரு வரிசையைத் தள்ளிவிட்டது. கேள்வி அதேதான். பெரியவர் கலைத்தபோது நான்கிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான் சரியாகச் சொன்னார். கரடி கலைத்தபோது அறுபது சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் சரியாகச் சொன்னார்கள்.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பெரியவர் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்கிறார். இடையில் வேண்டுமென்றே எதையோ மாற்றுகிறார். பிள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் செய்தி தெளிவு: ‘மிஸ் ஏதோ மாற்றினார், திரும்பவும் கேட்கிறார், அப்படியானால் பதிலும் மாற வேண்டும்.’ கொட்டைகளைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கேட்பவரின் முகத்தைப் படிக்கிறது. அதுவும் அறிவுதான், கூர்மையான அறிவு. ஆனால் அது செலவாகும் இடம் வேறு. கரடியின் சேட்டை பிள்ளைகளின் கவனத்தைத் திசைதிருப்பியதும் இந்த முடிவுக்கு ஒரு காரணம் என்று பின்வந்த ஆய்வுகள் சுட்டிக்காட்டின. அதனால் பியாஜே முழுக்கத் தோற்றார் என்று சொல்ல முடியாது. எனினும் டொனால்ட்சன் 1978-இல் எழுதிய ‘குழந்தைகளின் மனங்கள்’ என்ற நூலின் மையக் கருத்து இன்றும் நிற்கிறது: பிள்ளைக்குப் பொருள்படும் சூழலில் கேட்டால் அதன் தர்க்கம் வெளியே வரும். பொருள்படாத சூழலில் கேட்டால், என்ன சொன்னால் பெரியவர் திருப்தியடைவார் என்பதைத்தான் அது யோசிக்கும்.

மார்ட்டின் ஹியூஸும் ராபர்ட் கிரீவும் 1980-இல் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள். ஐந்து வயது, ஏழு வயதுப் பிள்ளைகளிடம் அர்த்தமே இல்லாத கேள்விகளைக் கேட்டார்கள். பால் தண்ணீரைவிடப் பெரியதா? சிவப்பு மஞ்சளைவிடக் கனமா? கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் பதில் சொன்னார்கள், சிலர் காரணத்தோடு. “புரியவில்லை” என்று சொல்ல அவர்களுக்குத் தோன்றவில்லை. பெரியவர் கேட்டால் பதில் இருந்தே தீரும் என்று நம்பினார்கள். இதே தடத்தில் பிறகு நடந்த சோதனைகள் பயனுள்ள ஒரு வேறுபாட்டைக் கண்டன: ஆமா-இல்லை என்று முடியும் கேள்வி என்றால் அர்த்தமற்றதற்கும் பதில் வருகிறது, திறந்த கேள்வி என்றால் பிள்ளைகள் “தெரியல” என்று சொல்லத் துணிகிறார்கள்.

நம் வகுப்பறையை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் மனம் சங்கடப்படுகிறது. “புரிஞ்சுதா?” என்று ஆசிரியர் கேட்க, நாற்பது குரல்கள் ஒரே ராகத்தில் “புரிஞ்சுது மிஸ்ஸ்ஸ்” என்கின்றன. எல்.கே.ஜி.யிலிருந்தே இது பழக்கமாகிவிடுகிறது. “கையக் கட்டு, வாயப் பொத்து” என்பது இன்னும் பல பள்ளிகளில் பாடத்தின் முதல் வரி. கூடுதலாக ஒரு கேள்வி கேட்ட பிள்ளைக்கு ‘அதிகப்பிரசங்கி’ என்று பெயர். வீட்டிலும் “எதிர்த்துப் பேசாதே” என்கிறோம். பிள்ளை பெரும்பாலும் எதிர்ப்பதில்லை. காரணம் கேட்கிறது, அவ்வளவுதான். இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பொறுமை நமக்கு வர வேண்டும்.

பிள்ளைகளின் திறமையை மிகைப்படுத்துவதும் தவறு. அவர்கள் எவ்வளவு சந்தேகப்படுகிறார்கள் என்பதைத் தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள். மெலிசா கோனிக், பால் ஹாரிஸ் ஆகியோரின் 2004, 2005 ஆண்டுச் சோதனைகளில், பிள்ளைக்குத் தெரிந்த பொருள்களுக்கு ஒருவர் சரியான பெயரும் இன்னொருவர் தவறான பெயரும் சொல்கிறார்கள். பந்தைப் பார்த்துச் செருப்பு என்பார் இரண்டாமவர். பிறகு தெரியாத ஒரு பொருளின் பெயரை யாரிடம் கேட்பாய் என்றால், நான்கு வயதுப் பிள்ளைகள் முன்பு சரியாகச் சொன்னவரையே தேர்ந்தெடுக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளைகளிடம் இது அவ்வளவு உறுதியாக இல்லை. யாரை நம்பலாம் என்ற கணக்கு இவ்வளவு சிறுவயதிலேயே தொடங்கிவிடுகிறது.

யாரை நம்புவது என்பது ஒன்று, சொன்னதைச் சோதித்துப் பார்ப்பது இன்னொன்று. ரொன்ஃபார்ட், சென், ஹாரிஸ் மூவரும் சீனாவில் செய்த ஆய்வில் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ரஷ்யப் பொம்மைகளைக் காட்டி, “இருப்பதிலேயே சின்னதுதான் அதிகக் கனம்” என்றார்கள். அதுவரை பெரியதே கனம் என்று சொல்லியிருந்த பிள்ளைகளில் பலரும் பெரியவரின் பேச்சை ஏற்றுக்கொண்டார்கள். பிறகு பொம்மைகளோடு அவர்களைத் தனியாக விட்டார்கள். சற்றே வளர்ந்த பிள்ளைகள் சின்னதையும் பெரியதையும் கையில் தூக்கி எடை பார்த்தார்கள். பாலர் பள்ளி வயதினர் அப்படிச் சோதித்தது குறைவு. ‘சொன்னார்கள், சரி, தூக்கித்தான் பார்ப்போமே’ என்ற அந்த அசைவு தானாக முளைப்பதற்குக் கொஞ்சம் வயதும் பழக்கமும் வேண்டியிருக்கிறது. பெரியவர்கள் உதவ முடிந்த இடம் இது. அருகிலிருப்பவர் “தூக்கிப் பாரேன்” என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

அந்த ஒரு வார்த்தையை எப்போது சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதில் ஆய்வுலகம் இரண்டு பக்கம் இழுக்கிறது. ஒரு பக்கம் எலிசபெத் போனாவிட்ஸ், லாரா ஷுல்ஸ் முதலானோரின் 2011 ஆய்வு. பல குழாய்கள் கொண்ட ஒரு பொம்மை; நான்கு விஷயங்கள் அதில் ஒளிந்திருந்தன. சில பிள்ளைகளுக்கு ஆய்வாளர், “இது எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுறேன், பார்” என்று சொல்லி ஒரு குழாயை இழுத்துக் கீச்சென்று சத்தம் வரவைத்தார். வேறு சிலர் முன்னால் தற்செயலாகக் கைபட்டதுபோல அதையே செய்தார். பாடமாகக் காட்டப்பட்ட பிள்ளைகள் அந்தக் கீச்சையே திரும்பத் திரும்பச் செய்துவிட்டுச் சீக்கிரம் பொம்மையை வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் நெடுநேரம் நோண்டி, மீதி விஷயங்களையும் அதிகம் கண்டுபிடித்தார்கள். ஆசிரியர் ஒன்றை மட்டும் காட்டினால், காட்ட வேண்டியது அவ்வளவுதான் போலிருக்கிறது என்று பிள்ளை நியாயமாகவே முடிவுசெய்கிறது.

மறுபக்கம் டேவிட் கிளாரும் மிலேனா நிகாமும் 2004-இல் வெளியிட்ட முடிவு. சாய்தளத்தில் பந்தை உருட்டும் சோதனையில், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்ற விதியை மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் கற்க வேண்டும். நேரடியாக விளக்கிச் சொல்லப்பட்டவர்களில் 77 சதவீதத்தினர் அதில் தேறினார்கள். தாங்களாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விடப்பட்டவர்களில் தேறியது 23 சதவீதம். குழந்தையைச் சும்மா விட்டால் எல்லாவற்றையும் அதுவே கண்டுபிடித்துவிடும் என்ற ரம்மியமான நம்பிக்கைக்கு இது நல்ல மருந்து. எனக்கு இந்த இரண்டு ஆய்வுகளும் மோதுவதாகத் தெரியவில்லை. ஒரு பொருளுக்குள் என்னென்ன இருக்கிறது என்று தேடும்போது பெரியவர் முந்திக்கொள்ளக் கூடாது. மனித குலம் நூற்றாண்டுகளாகப் பாடுபட்டுக் கண்டெடுத்த ஆய்வு முறையைப் பொறுத்தவரை, அதை ஒளித்துவைத்து விளையாட்டுக் காட்டக் கூடாது, சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.

வீட்டில் இது எப்படி இருக்கும்? ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொள்வோம். எவர்சில்வர் கரண்டி முங்குகிறது. அதே எவர்சில்வர் டம்ளர், நேராக வைத்தால், மிதக்கிறது.

“ஏன் பாப்பா இது மெதக்குது?”

“டம்ளர் பெருசும்மா, அதான்.”

இந்த இடத்தில் “தப்பு” என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. “ஓ சூப்பர்” என்று கைதட்டினாலும் முடிந்தது. அம்மா கூடையிலிருந்து பெரிய உருளைக்கிழங்கு ஒன்றையும் சின்னக் கத்திரிக்காய் ஒன்றையும் எடுக்கிறார்.

“அப்ப பெருசெல்லாம் மெதக்குமா? இது ரெண்டும் என்ன ஆகும், போடறதுக்கு முன்னாடி சொல்லு பாப்போம்.”

“உருளக்கெழங்கு மெதக்கும். கத்திரிக்கா முங்கிரும்.”

போடுகிறாள். உருளைக்கிழங்கு அடியில் போய் உட்காருகிறது. கத்திரிக்காய் மேலே நிற்கிறது. பிள்ளையின் முகம் மாறுகிறது. “இல்ல இல்ல, பெருசுன்னா இல்ல… உள்ள காலியா இருந்தா.” இன்னும் ஐந்து நிமிடத்தில் டம்ளருக்குள் தண்ணீர் ஊற்றி அதையும் முக்கிப் பார்த்துவிடுவாள். ஆர்க்கிமிடீஸ் இப்போதைக்கு வேண்டாம். ஒரு கருத்தைச் சொன்னாள், அதை வைத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொன்னாள், நடந்தது வேறாக இருந்தபோது கருத்தை மாற்றிக்கொண்டாள். பெரிய விஞ்ஞானிகளுக்கே மூன்றாவது படி கடினம். அம்மா செய்தது என்ன? பதில் சொல்லவில்லை, பாராட்டவும் இல்லை. பிள்ளை சொன்னதை மதித்து, அதற்கு எதிராகப் பேசக்கூடிய ஒரு காயைத் தேர்ந்தெடுத்தார். கத்திரிக்காய் மிதக்கும் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்ததால்தான் அது முடிந்தது. வழிநடத்துபவருக்கு விஷய ஞானம் வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம்.

விஷய ஞானம் பிள்ளைக்கும் வேண்டும். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வில்லிங்ஹாம் 2007-இல் எழுதிய, பரவலாகப் பேசப்பட்ட கட்டுரை ஒன்றில் இதை வலுவாக வாதிட்டார். பகுத்தாய்வு என்பது சைக்கிள் ஓட்டுவதுபோல ஒருமுறை கற்றால் எந்தத் தெருவிலும் ஓட்டக்கூடிய திறன் இல்லை என்பது அவர் வாதம். எதைப் பற்றி யோசிக்கிறோமோ அதைப் பற்றிய அறிவோடு அது பின்னிக் கிடக்கிறது. இதற்கு மிக நல்ல சான்று பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களிலிருந்து வந்தது. தெரெசினா கராஹேர் முதலானோர் 1985-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு தேங்காய் 35 குருசேரோ என்று விற்கும் பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் பத்துத் தேங்காய் என்ன விலை என்று கேட்டார்கள். பள்ளி கற்றுத்தந்தபடி பூஜ்யம் சேர்க்கவில்லை அவன். மூன்று தேங்காய் 105, இன்னும் மூன்று சேர்ந்தால் 210, இன்னும் நான்கு வேண்டும் என்று மூன்று மூன்றாகக் கட்டி 350-க்கு வந்தான். தெருவில் இந்தப் பிள்ளைகள் 98 சதவீதக் கணக்குகளைச் சரியாகப் போட்டார்கள். அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காகக் கொடுத்தபோது சரியானவை 37 சதவீதம்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2025-இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி ஆகியோர் அடங்கிய குழு கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலைசெய்யும் பிள்ளைகளிடம் இதையே பெரிய அளவில் கண்டது. சந்தையில் மனக்கணக்காகச் சிக்கலான பேரங்களை முடிக்கும் பிள்ளைகள் பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள். சந்தைக்குப் போகாத பள்ளிப் பிள்ளைகள் ஏட்டுக் கணக்கில் தேறி, சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். இரண்டு அறிவுக்கும் இடையே பாலம் இல்லை. பூக்கடையிலும் காய்கறிக் கடையிலும் உட்கார்ந்து சில்லறை எண்ணும் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் ஏராளம். அவர்கள் கடையில் எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று எந்த ஆசிரியராவது கரும்பலகையில் எழுதச் சொல்லிக் கேட்டால், பாலத்தின் முதல் பலகை விழும்.

அறிவு இப்படி இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்றால், ‘மூளைத்திறன் வளர்ச்சி’ என்று விற்கப்படும் வகுப்புகளின் கதி என்ன? தமிழ்நாட்டில் அபாகஸ் வகுப்பு இல்லாத ஊரே இல்லை. அபாகஸ் வேகமாகக் கூட்டக் கற்றுத்தரும்; அதற்கு மேல் எதிர்பார்க்கத் தேவையில்லை. சதுரங்கத்தைப் பற்றி நிச்சயமாகவே சொல்லலாம். இங்கிலாந்தில் நூறு தொடக்கப் பள்ளிகளில் ஓராண்டு சதுரங்கம் கற்பித்து, அடுத்த ஆண்டு கணக்குத் தேர்வில் சோதித்தார்கள். கற்காதவர்களைவிட முன்னேற்றம் எதுவும் இல்லை என்று 2016-இல் அறிக்கை வந்தது. சதுரங்கம் அழகான விளையாட்டு. அதற்காகவே பிள்ளை அதை ஆடட்டும். வேறெதற்கோ வைத்தியமாக அதைக் கொடுக்க வேண்டாம்.

தனிப் பாடமாகச் சிந்தனையைக் கற்பிக்கும் முயற்சிகளில் மிகத் தீவிரமானது மேத்யூ லிப்மனின் ‘குழந்தைகளுக்கான தத்துவம்’. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தவர் அவர். தன் மாணவர்கள் தர்க்கரீதியாக யோசிக்கத் திணறுவதைப் பார்த்து, இதை மிக முன்னதாகவே தொடங்க வேண்டும் என்று முடிவுசெய்தார். 1974-இல் மான்ட்கிளேர் கல்லூரியில் அதற்கென்று ஒரு நிறுவனம் அமைத்தார். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஒரு கதையைப் படிப்பார்கள். அதிலிருந்து கேள்விகளை அவர்களே எழுப்பி, ஒன்றைத் தேர்ந்தெடுத்து விவாதிப்பார்கள். இங்கிலாந்தில் 48 பள்ளிகளில் செய்த சோதனை, வாசிப்பிலும் கணக்கிலும் ஏறத்தாழ இரண்டு மாத முன்னேற்றம் தெரிவதாக 2015-இல் சொன்னது. உலகமே உற்சாகமானது. இன்னும் பெரிய அளவில் மறுபடி சோதித்தபோது வாசிப்பில் எந்த ஆதாயமும் தெரியவில்லை என்று 2021-இல் முடிவு வந்தது. பிள்ளைகள் கேள்வி எழுப்பி விவாதிப்பதன் மதிப்பை வாசிப்புத் தேர்வின் மதிப்பெண்ணால் அளந்ததிலேயே குறை இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஆனால் மதிப்பெண் கூடும் என்று சொல்லி இதை விற்கவும் கூடாது.

செலவே இல்லாத ஒன்றுக்குத்தான் உறுதியான சான்று இருக்கிறது. அமெரிக்காவின் மேரி பட் ரோ வகுப்பறைகளில் நூற்றுக்கணக்கான ஒலிப்பதிவுகளைக் கேட்டார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் வேறு பிள்ளையிடம் போனார்கள், அல்லது தாங்களே சொல்லிவிட்டார்கள். மூன்று நொடி காத்திருக்கப் பழகியதும் பதில்கள் நீண்டன, காரணங்கள் கூடின, வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள், பிள்ளைகள் கேட்கும் கேள்விகளும் பெருகின. மூன்று நொடி என்பது சொல்லும்போது சின்னது. நாற்பது கண்கள் பார்த்துக்கொண்டிருக்கையில் அதைத் தாங்குவது எளிதல்ல.

எல்லாப் பண்பாட்டிலும் பிள்ளை ஓயாமல் ‘ஏன்’ கேட்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பெலிஸ், கென்யா, நேபாளம், அமெரிக்க சமோவா ஆகிய நான்கு இடங்களின் சமூகங்களில் 1970-களின் இறுதியில் பதிவான பிள்ளைப் பேச்சை மேரி காவெய்ன் குழு 2013-இல் ஆராய்ந்தது. மேற்கத்தியப் பிள்ளைகள் அளவுக்கே அவர்களும் தகவல் கேட்டார்கள். ஆனால் காரணம் கேட்கும் கேள்விகள் மிகக் குறைவு. பெரியவரிடம் காரணம் கேட்பது அங்கே மரியாதைக் குறைவாக இருந்திருக்கலாம். பார்த்துப் பழகிக் கற்பதே வழக்கமாக இருந்திருக்கலாம். நம் வீடுகளுக்கும் இது பொருந்தும். தாத்தாவை நேருக்கு நேர் “ஏன்” என்று கேட்கத் தயங்கும் பிள்ளை, அவர் வயலில் மடை மாற்றுவதை அரைமணி நேரம் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும். அதுவும் விசாரணைதான். மரியாதையையும் கேள்வியையும் எதிரெதிராக நிறுத்தாமல், “தாத்தா, இப்படி மாத்தினா என்ன ஆகும்?” என்று கேட்கும் வழியைப் பிள்ளைக்குக் காட்டலாம். தாத்தாக்கள் அந்தக் கேள்வியை விரும்பவே செய்கிறார்கள்.

இந்தியாவுக்கும் இந்தச் சிந்தனை புதிதல்ல. குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920-இல் பாலர் பள்ளி தொடங்கினார். அவருடைய ‘பகல் கனவு’ தமிழிலும் பல ஆசிரியர்கள் கையில் புழங்கும் நூல். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாதில் 1972-இல் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், அரசுப் பள்ளி நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து, கண்டதை எழுதி, புத்தகத்தைத் திறந்துவைத்துத் தேர்வு எழுதினார்கள். மனத்தில் எழுந்த சந்தேகங்களைச் ‘சவாலிராம்’ என்ற கற்பனை மனிதருக்குக் கடிதமாக அனுப்பினார்கள். பதில்கள் வந்தன. முப்பது ஆண்டு நடந்த அந்தத் திட்டத்தை 2002-இல் மாநில அரசு மூடியது. இந்தியக் கல்வி வரலாற்றில் எனக்கு ஆறாத இழப்புகளில் அது ஒன்று.

தமிழ்நாட்டிலும் துணிவான ஒரு முயற்சி நடந்தது. ரிஷிவேலிப் பள்ளியின் பல்தர வகுப்பு முறையிலிருந்து ஊக்கம் பெற்று, எம்.பி. விஜயகுமார் மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்குப் பரவியது. ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். பிள்ளை தன் கற்றல் ஏணியில் தான் நிற்கும் படியைப் பார்த்து, தனக்குரிய அட்டையைத் தானே எடுத்து, தன் வேகத்தில் படித்தது. அந்த உடல்மொழி மாற்றத்தை நான் சிறியதாக எண்ணமாட்டேன். பயம் குறையாமல் கேள்வி பிறக்காது. ஆனால் அட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை ஒன்றே ஒன்று. வரிசையும் முன்பே தீர்மானமானது. நகரும் சுதந்திரம் கிடைத்த அளவுக்கு வாதிடும் சுதந்திரம் கிடைக்கவில்லை. கொரோனா இடைவெளியை ஈடுகட்ட 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பாடலும் பொம்மலாட்டமும் நிறைய இருக்கின்றன. எழுத்தறிவு, எண்ணறிவு என்ற அதன் இலக்கு அவசியமானது. படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பகுத்தாய்வைப் பற்றிப் பேசுவது கொடுமை. அதே பாடலிலும் கதையிலும் “நரி சொன்னது உண்மையா? எப்படித் தெரியும்?” என்று நின்று கேட்க ஆசிரியருக்கு நேரம் இருக்கிறதா என்பதுதான் என் கவலை. செயலியில் மதிப்பீட்டை ஏற்றி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது.

2005 தேசியக் கலைத்திட்டம், 2020 தேசியக் கல்விக் கொள்கை என்று எல்லா ஆவணங்களிலும் பகுத்தாயும் சிந்தனை இடம்பெற்றிருக்கிறது. ஆசிரியரைச் சுற்றறிக்கையால் நடத்திக்கொண்டு, பிள்ளையைச் சிந்தனையால் நடத்தச் சொல்கின்றன அவை. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையப் பயிற்சிக்கு வரும் ஆசிரியர் என்ன செய்கிறார்? கருத்தாளர் திரையில் ஓட்டும் வரிகளைக் குறிப்பெடுக்கிறார். கேள்வி கேட்டால் மாலை பஸ் தவறிவிடும் என்று பக்கத்தில் இருப்பவர் சாடை காட்டுகிறார். “புரிஞ்சுதா?” என்று அவரிடமும் கேட்கிறார்கள். அவரும் “புரிஞ்சுது சார்” என்கிறார்.

ஹோஷங்காபாதில் ஆசிரியர்களுக்கு மாதக் கூட்டங்கள் இருந்தன. வகுப்பில் சரியாக வராத சோதனையையும் பிள்ளை கேட்டு ஆசிரியருக்குப் பதில் தெரியாமல் போன கேள்வியையும் அங்கே கொண்டுவந்து, சேர்ந்து உட்கார்ந்து செய்து பார்த்தார்கள். நம் குறுவள மையக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கப் புதிய திட்டம் எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு ஆசிரியரும் தன் வகுப்புப் பிள்ளை கேட்ட கேள்வி ஒன்றை, பிள்ளை கேட்ட சொற்களிலேயே, எழுதிக்கொண்டு வரட்டும். ஒன்றாம் வகுப்பு ஆசிரியரிடமிருந்து தொடங்கட்டும். கருத்தாளர் அன்றைக்குத் தன் மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு, அந்தக் கேள்விகளில் ஒன்றுக்கு எப்படிப் பதில் கண்டுபிடிப்பது என்று மற்றவர்களோடு சேர்ந்து தரையில் உட்காரட்டும்.